மூன்றாம் மாடி, இடப்பக்கம்

நீதிபதி எர்மீனியா ஃபல்காட்டோ
பேனாவைத் திறக்காமலேதான் கேள்வி கேட்பார்.

"வீடு என்கிறீர்கள். எந்த வீடு?"
எர்விலேய்ரா தெரு, பதினேழு.
"அங்கே எட்டுக் குடும்பம். எட்டுப் படுக்கையறைக்குள்ளும் போவீர்களா?"
மூன்றாம் மாடி.
"மாடிக்கு இரண்டு கதவு."
இடப்பக்கம்.
"ஏறும்போது இடமா, இறங்கும்போது இடமா?"
நாக்கு உலர்ந்தது.
ஏறும்போது.
"எதைத் தேடி?"
நீலப் பீங்கான் ஓடுகள். நாற்பத்தாறு.
பூட்டிக் கிடந்த சிற்றாலயத்துச் சுவரிலிருந்து
உளிவைத்துப் பெயர்த்தவை.
சேர்த்து வைத்தால் ஒரு பாலம், ஒரு குதிரை,
வலைஞர் மூவர்.

"ஓட்டைத் தேடுகிறவர்
சர்க்கரை டப்பாவைத் திறக்கக்கூடாது"
என்று சொல்லிவிட்டுப்
பேனாவைத் திறந்தார்.

தொண்ணூற்று மூன்று, டிசம்பர்.
போர்த்தோவில் மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வந்து காலருக்குள் கைவிடும்.
ஆறு முப்பத்தெட்டுக்கே
நானும் கித்தேரியோவும் படியேறிவிட்டோம்.
ஏழுக்கு முன் தட்டக்கூடாது.
இரவு, வீட்டில் இருப்பவருடையது.
சட்டைப்பையில் கையெழுத்தான தாள்,
இன்னும் இருபத்திரண்டு நிமிடத்துக்கு
வெறும் தாள்.

டொக்.

கித்தேரியோ நிமிர்ந்தான்.

டொக். டொக்.

"சுத்தியல். உடைக்கிறாள்."
அடிக்கொரு குதிரைக்கால் போவதுபோல் இருந்தது எனக்கு.
"உள்ளே போயிடலாம்."
மணி ஆறு நாற்பத்தாறு.
"எல்லாம் தூளானபிறகு சட்டத்தைப் பசையாக்கி ஒட்டுவியா?"

பதில் இல்லை என்னிடம்.
இருந்ததெல்லாம் ஒரு கட்டிலின் அடிப்பக்கம்:
பழைய ஆட்சி, அதிகாலை நான்கு,
தாள் எங்கே என்று கேட்ட அப்பாவுக்கு
மெத்தையைக் கிழித்துப் பஞ்சைக் காட்டினார்கள்.
கித்தேரியோவிடம் அதைச் சொல்லவில்லை.
கடிகாரத்தைத்தான் காட்டினேன்.

படிக்கட்டுக் கூண்டு சத்தத்தைச் சுழற்றிச் சுழற்றித் தந்தது.
எந்தக் கதவிலிருந்து வருகிறது என்றுகூடச்
சொல்ல முடியவில்லை.

ஆறு ஐம்பத்தைந்துக்கு அது நின்றது.
அதுதான் அதைவிடக் கொடுமை.

ஏழு.
சுல்மிரா திறந்தாள், தலையில் ஈரத் துவாலை.
நகலைக் கொடுத்தேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன்:
நம்பிக்கையான ஒருவரை
உடன் வைத்துக்கொள்ளலாம்.
நெடுநேரம் யோசித்தாள்.
(என்னைக் கேட்டிருந்தால் இன்னும் நேரம் ஆகியிருக்கும்.)
பிறகு எதிர்க் கதவைத் தட்டினாள்.

வலப்பக்கத்து அடேரிதோ வந்தார்,
பைஜாமா, மூக்குக்கண்ணாடி.
தாளை வாங்கி விரல்வைத்துப் படித்தார்.
"இடப்பக்கம்" என்ற சொல்லில்
விரல் கொஞ்சம் இளைப்பாறியது.

துணி அலமாரிக்குப் பின்னால்
செய்தித்தாளில் சுற்றியபடி முப்பத்தொன்று.
ஒன்றில்கூடக் கீறல் இல்லை.
தரையில் அடுக்கினோம்.
பாலம் முழுசு. வலைஞர் இருவர்.
மூன்றாமவனுக்குத் தொப்பி மட்டும்.
குதிரைக்குத் தலை கிடையாது.
கித்தேரியோ சர்க்கரை டப்பாவைப் பார்த்தான்,
திறக்கவில்லை.

இரண்டாம் தடவை எண்ணக் குனிந்தபோதுதான் கண்டேன்:
அடேரிதோவின் செருப்பு,
விளிம்பெல்லாம் ஈரச் சிமென்ட்.
நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.
காலை இழுத்துக்கொள்ளவில்லை.
சாட்சி என்ற இடத்தில்
பள்ளிக்கூடத்துக் கையெழுத்தாக அழகாய் எழுதினார்,
நாலு எட்டு நடந்தார்,
தன் கதவைச் சாத்தினார்.
மெதுவாகத்தான்.

பத்து மணிக்கு மறுபடி அதே மேசை.
மூன்றாம் மாடி, வலப்பக்கம். ஏறும்போது.
"எதைக் கண்டீர்கள்?"
ஒரு செருப்பு.
"இந்த ஊரில் குளியலறை ஒழுகாத வீடு எது?"
விடியுமுன் சுத்தியல் சத்தம்.
"எந்தக் கதவிலிருந்து?"

பேனா மூடியே கிடந்தது.

வாசலில் கித்தேரியோ நனைந்த சிகரெட்டோடு போராடிக்கொண்டிருந்தான்.
சிமென்ட் இறுக எவ்வளவு நேரம் ஆகும், கேட்டேன்.
மழையைக் கொஞ்சம் பார்த்தான்.
"இந்த ஈரத்துக்கு
ரெண்டு நாள்."